ஃபர் கோட்டு வாங்கலாமா, போடலாமா: முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஃபர், அதாவது ரோமத்தோடு உரித்த விலங்குத் தோல், அதைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டே குரல்தான் காதில் விழும். ஒருவர் "கொலைகாரப் பாவிகள்" என்பார், இன்னொருவர் "காலில் தோல் செருப்பைப் போட்டுக்கொண்டு இதைப் பேச வந்துவிட்டாயா" என்பார். கடையில் நின்று ஒரு ஜாக்கெட்டின் தொப்பி ஓரத்தைத் தடவிப் பார்த்தபடி, எடுக்கலாமா வைத்துவிடலாமா என்று யோசிக்கிறவருக்கு இந்த இரண்டு பேராலும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூண்டில் வளர்த்துக் கொன்று எடுத்த புது ஃபரை வாங்குவதற்கு எனக்கு ஒரு நியாயமும் தென்படவில்லை. ஆனால் பாட்டி விட்டுப்போன கோட்டும், பனிப்பிரதேசத்தில் வேட்டையாடி வாழ்கிறவர் தைத்த கையுறையும், காட்டை அழிக்கிறது என்று அரசே கொல்லச் சொல்லும் விலங்கின் ரோமமும் அதே கணக்கில் வராது. எந்த விலங்கு, எங்கிருந்து வந்தது, எப்படிச் செத்தது என்ற மூன்றும் தெரியாமல் சரி, தப்பு பேசினால் அது வெறும் சத்தம்தான். அதனால் முதல் வேலை, கையில் இருப்பது என்ன என்று கண்டுபிடிப்பது.

நிஜமா, செயற்கையா

விலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். "இவ்வளவு மலிவாக இருக்கிறது, கட்டாயம் செயற்கைதான்" என்று நினைப்பதுதான் பெரும்பாலோர் விழும் குழி. சாவிக்கொத்தில் தொங்கும் குஞ்சம், கம்பளித் தொப்பி உச்சியில் இருக்கும் பந்து, செருப்பின் மேல் ஒட்டியிருக்கும் பட்டை, இவையெல்லாம் முயல் ரோமமாகவோ ரக்கூன் நாய் ரோமமாகவோ இருக்கலாம். கூண்டில் நெருக்கி வளர்த்த விலங்கின் தோல் துண்டு அவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது. செயற்கை என்று எழுதியே நிஜத்தை விற்ற கதைகளும் உண்டு. அமெரிக்காவில் 2013-ல் மத்திய வர்த்தக ஆணையம் இதற்காகச் சில விற்பனையாளர்கள் மேல் நடவடிக்கை எடுத்தது, அதில் ஒன்று ஆடம்பரத்துக்குப் பேர்போன கடை.

முடியை இரண்டு பக்கமும் விலக்கி அடியைப் பாருங்கள். அடியில் நெய்த துணியோ வலைபோன்ற பின்னலோ தெரிந்தால் செயற்கை. தோல் தெரிந்தால் நிஜம். சாயம் போட்டிருந்தால் தோலும் அதே நிறத்தில் இருக்கும், அதனால் வெள்ளையாக இல்லையே என்று குழம்ப வேண்டாம். ஒரு குண்டூசியை அடிவரை குத்தினால் துணியில் சட்டென்று இறங்கும், தோலில் முரண்டு பிடிக்கும். அடுத்து முடியின் நுனி. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் விலங்கின் முடி நுனியில் கூராகச் சன்னமாகி முடியும். செயற்கை இழை பெரும்பாலும் வெட்டிவிட்டது போல மொட்டையாக நிற்கும். நிஜ ரோமத்தில் இரண்டு அடுக்கும் இருக்கும். மேலே நீளமான வழவழப்பான காவல் முடி, அதற்குக் கீழே அடர்த்தியான மெல்லிய உள்ரோமம். ஊதிப் பார்த்தால் அந்த உள்ரோமம் சுழித்துக்கொண்டு விலகும்.

வாங்கிவிட்ட பொருள் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. நாலு முடியைப் பிடுங்கி, இடுக்கியில் பிடித்து, ஒரு தட்டின் மேல் வைத்துக் கொளுத்துங்கள். தலைமுடி கருகும் நாற்றம் வந்து விரலில் நசுக்கினால் பொடியாகிப் போனால் விலங்கு. பிளாஸ்டிக் நாற்றம் வந்து உருகிக் கெட்டி உருண்டையாகிப் போனால் அக்ரிலிக் அல்லது பாலியஸ்டர். ஒரு எச்சரிக்கை: கம்பளி நூலில் நெய்த போலி ரோமமும் தலைமுடி போலத்தான் நாறும், கூர் நுனி வைத்துச் செய்த செயற்கை இழைகளும் சந்தைக்கு வந்துவிட்டன. அதனால் ஒரே ஒரு சோதனையை நம்பாமல் அடி, நுனி, நெருப்பு மூன்றையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். கடையில் இருக்கும்போது நெருப்பை மட்டும் விட்டுவிடலாம், வம்பு எதற்கு.

லேபிள் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது

நிஜம் என்று தெரிந்த பிறகு எந்த விலங்கு என்று பார்க்க வேண்டும். வியாபாரப் பெயர்கள் இங்கே கொஞ்சம் விளையாடும். லாப்பின், கோனி என்றால் முயல். ஃபின்ரக்கூன், ஏசியாட்டிக் ரக்கூன் என்று போட்டிருந்தால் அது ரக்கூன் நாய். ரக்கூனுக்கும் அதற்கும் உறவில்லை, அது நாய்க் குடும்பம், நரிக்குப் பக்கம். அஸ்ட்ரகான், பெர்சியன் லாம்ப், ஸ்வகாரா எல்லாமே கரகுல் ஆட்டுக்குட்டி. அந்தச் சுருள் ரோமம் பிறந்த சில நாளில் தளர்ந்துவிடும் என்பதால் குட்டி பிறந்த ஓரிரு நாளிலேயே கொன்றுவிடுகிறார்கள். பிராட்டெயில் என்று இருந்தால் இன்னும் மோசம், பிறக்காத குட்டியின் தோலுக்கும் அந்தப் பெயர்தான். என்னைக் கேட்டால் இந்தப் பட்டியலில் யோசிக்கவே வேண்டாத ஒன்று இது.

சீட்டு எவ்வளவு சொல்லும் என்பது நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவில் விலங்கின் பெயரும் அது எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதும் சீட்டில் இருக்க வேண்டும். முன்பு விலை குறைந்த ரோமத் துண்டுகளுக்கு இருந்த விலக்கை 2010-ல் வந்த சட்டம் எடுத்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் "விலங்கிலிருந்து வந்த, துணியல்லாத பகுதிகள் உண்டு" என்று ஒரு வரி போட்டால் போதும். அந்த வரி தோல் பட்டனுக்கும் பொருந்தும், நரித் தோலுக்கும் பொருந்தும். அதைப் படித்துவிட்டு எந்த விலங்கு என்று கண்டுபிடிக்க ஜோசியம்தான் தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் வாயைத் திறந்து கேளுங்கள். என்ன விலங்கு, எந்த நாடு, பண்ணையா பொறியா. கடைக்காரர் திகைத்து நின்றாலோ "தரமான சரக்கு மேடம்" என்று பேச்சை மாற்றினாலோ உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். யாருக்கும் தெரியாத ரோமம் பெரும்பாலும் பண்ணை ரோமம்தான், ஏனென்றால் உலகச் சந்தைக்கு வருவதில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது.

பண்ணைக்குள் என்ன நடக்கிறது

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், முடிவு முழுக்க இதில்தான் தொங்குகிறது.

மிங்க் என்பது கீரி சைஸில், நீளமான உடம்போடு, தண்ணீரும் கரையுமாக வாழும் விலங்கு. விரல்களுக்கு நடுவே பாதி சவ்வு உண்டு, நன்றாக முங்கி நீந்தும், தனியாகத் திரியும், ஆற்றங்கரையில் கிலோமீட்டர் கணக்கில் தன் எல்லையை வைத்துக்கொள்ளும். பண்ணையில் அதற்குக் கிடைப்பது கம்பிக் கூண்டு. ஐரோப்பிய கவுன்சிலின் 1999 பரிந்துரைப்படி வளர்ந்த ஒரு மிங்குக்குக் குறைந்தது 2,550 சதுர சென்டிமீட்டர் தரை. நாலு ஏ4 தாளைத் தரையில் பரப்பிப் பாருங்கள், அவ்வளவுதான். இது பரிந்துரை, அதாவது நல்ல பண்ணையின் அளவு. நீந்தத் தண்ணீர் கிடையாது.

நீந்தாவிட்டால் என்ன, தெரியாத ஒன்றுக்கு ஏங்குமா என்று கேட்கலாம். அதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 2001-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு அது, ஜார்ஜியா மேசன் என்ற விலங்கு நடத்தை ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் செய்தது. பண்ணை மிங்குகளுக்கு விளையாட்டுப் பொருள், உயரமான மேடை, இன்னொரு கூடு, குழாய்ப்பாதை, சின்ன நீச்சல் தொட்டி என்று பலவற்றை வைத்து, ஒவ்வொன்றுக்கும் முன்னால் எடை ஏற்றிய கதவை மாட்டினார்கள். எடையைக் கூட்டிக்கொண்டே போனால் எதற்காக அது விடாமல் தள்ளுகிறது என்று பார்ப்பதுதான் திட்டம். மிங்குகள் எல்லாவற்றையும்விட அதிகமாகப் பாடுபட்டது தண்ணீர்த் தொட்டிக்குத்தான். அப்புறம் தொட்டியை 24 மணி நேரம் அடைத்து வைத்தபோது சிறுநீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறியது, சாப்பாட்டை நிறுத்தினால் எவ்வளவு ஏறுமோ ஏறக்குறைய அந்த அளவுக்கு. அத்தனையும் பண்ணையிலேயே பிறந்த விலங்குகள். "பல தலைமுறையாகக் கூண்டில் இருப்பதால் அதற்கு ஒன்றும் தெரியாது" என்பவர்களுக்கு இதற்குமேல் பதில் தேவையில்லை.

கூண்டில் அவை ஒரே இடத்தில் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருக்கும், தலையைச் சுழற்றிக்கொண்டே இருக்கும், தன் வாலையே கடித்து ரோமத்தைக் கொறிக்கும். நரிப் பண்ணைகளில் இன்னொரு கொடுமை. தோல் எவ்வளவு பெரிதோ அவ்வளவு விலை என்பதால் பெரிதாகும்படியே தேர்ந்தெடுத்து இனவிருத்தி செய்ததில், காட்டில் மூன்று நாலு கிலோ இருக்கும் ஆர்க்டிக் நரி ஃபின்லாந்துப் பண்ணைகளில் 20 கிலோவை நெருங்கியது. மடிப்பு மடிப்பாகத் தோல் கண்ணை மூடிக்கொண்டு தொங்க, பாதம் வளைந்துபோய், நடக்கவே திணறும் அந்த நரிகளின் படங்கள் 2017-ல் வெளியானபோது உலகமே பார்த்தது.

வசந்த காலத்தில் பிறக்கும் மிங்க், குளிர்கால ரோமம் முழுதாக வளர்ந்ததும், நவம்பர் டிசம்பரில் செத்துவிடும். வயது ஆறேழு மாதம். தோலில் ஓட்டை விழக்கூடாது என்பதால் கொல்லும் முறையும் அதற்கேற்ற மாதிரிதான். மிங்குகளை ஒரு பெட்டியில் போட்டுக் கார்பன் மோனாக்சைடோ கார்பன் டையாக்சைடோ விடுவார்கள். முங்கி நீந்தும் உடம்பு என்பதால் மூச்சுத் திணறலை அது நன்றாகவே உணரும். நரிக்கு வாயிலும் ஆசனவாயிலும் மின்முனை வைத்து மின்சாரம் பாய்ச்சுவார்கள். முழுநீள மிங்க் கோட்டு ஒன்றுக்கு 50, 60 விலங்குகள் வேண்டும், சின்சில்லா என்ற சின்னக் கொறிவிலங்கு என்றால் 100-ஐத் தாண்டும்.

"விலங்கு சந்தோஷமாக இல்லாவிட்டால் ரோமம் பளபளக்குமா" என்று ஒரு வாதம் வரும். கேட்க நன்றாக இருக்கும், நிற்காது. பளபளப்பைத் தருவது பரம்பரை, தீனி, குளிர். ரோமம் புதிதாக முளைத்து முடிந்த கையோடு கொன்றுவிடுவதால் அது மங்குவதற்கு நேரமே இருப்பதில்லை, கடித்துக் கெட்ட இடத்தை வெட்டி எறிந்துவிடலாம். "முயல் கறிக்காகத்தானே வளர்க்கிறார்கள், தோல் வீணாகாமல் பயன்படுகிறது" என்பதும் அதே ரகம்தான். கறி முயலை பத்துப் பன்னிரண்டு வாரத்தில் வெட்டிவிடுவார்கள், அந்த வயதில் ரோமம் நல்ல ஃபருக்குத் தேறாது. கடையில் விற்கும் அடர்த்தியான முயல் ரோமம் பெரும்பாலும் ரோமத்துக்கென்றே கூடுதல் காலம் கூண்டில் வைத்திருந்ததன் ரோமம்.

வெல்ஃபர், ஃபர்மார்க் போன்ற சான்றிதழ் முத்திரைகளைக் காட்டினால்? படித்துப் பாருங்கள், தப்பில்லை. ஆனால் அவை கூண்டு என்ற ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டு, கூண்டுகளுக்குள்ளே எது மேல் எது கீழ் என்று மதிப்பெண் போடுபவை. நீந்தத் தண்ணீர் இல்லை என்பதற்காக எந்தப் பண்ணையும் அதில் தோற்றுப்போவதில்லை. அந்த முத்திரை மோசமான பண்ணையை வடிகட்டலாம், கூண்டுக்கு நியாயம் கற்பிக்காது.

விலங்கைப் பற்றிக் கவலைப்படாதவர்களும் யோசிக்க ஒரு காரணம் இருக்கிறது: நோய். 2020 ஏப்ரலில் நெதர்லாந்து மிங்க் பண்ணைகளில் கொரோனா புகுந்தது, மனிதரிடமிருந்து மிங்குக்குப் போய், அங்கே பரவி, திரும்ப மனிதருக்கும் வந்தது. நவம்பரில் டென்மார்க் தன் நாட்டில் இருந்த மிங்குகள் அத்தனையையும் கொல்ல உத்தரவிட்டது, 1.5 கோடிக்கும் மேல். அந்த உத்தரவுக்குச் சட்ட அடிப்படையே இல்லை என்று பிற்பாடு தெரிந்து அமைச்சர் பதவி விலகியது தனிக்கதை. அவசரத்தில் ஆழமில்லாத குழியில் புதைத்த உடல்கள் வாயு உப்பி மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தன. 2022-ல் ஸ்பெயினில் ஒரு மிங்க் பண்ணையிலும், 2023-ல் ஃபின்லாந்தில் பல பண்ணைகளிலும் பறவைக் காய்ச்சல். ஆயிரக்கணக்கான விலங்குகளை ஒட்ட ஒட்ட அடைத்து வைத்தால் வைரஸுக்கு அதைவிட வசதியான இடம் எங்கே கிடைக்கும்?

பொறியில் பிடித்தது என்றால்

"காட்டில் சுதந்திரமாக வாழ்ந்தது" என்பது உண்மைதான். கேள்வி எப்படிச் செத்தது என்பது. காலைக் கவ்வும் இரும்புப் பொறியை ஐரோப்பிய ஒன்றியம் 1991-ல் போட்ட சட்டத்தில் தடை செய்தது, வேறு பல இடங்களில் இன்னும் ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கிறது. பொறிக்கு ஆள் பார்த்துக் கவ்வத் தெரியாது, வீட்டு நாயும் கழுகும்கூட மாட்டும். "மனிதாபிமானப் பொறி" என்று யாராவது சொன்னால் அதன் அளவுகோலைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியமும் கனடாவும் ரஷ்யாவும் 1990-களின் கடைசியில் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, கொல்லும் பொறி பெரும்பாலான விலங்குகளை 300 நொடிக்குள் உணர்விழக்கச் செய்ய வேண்டும், அதுவும் சோதித்ததில் 80 சதவீத விலங்குகளில் செய்தால் தேர்ச்சி. 300 நொடி என்றால் ஐந்து நிமிடம். கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து பாருங்கள், எவ்வளவு நீளம் என்று தெரியும்.

எளிதாகப் பதில் சொல்ல முடியாத இடங்கள்

ஆர்க்டிக் பனிப்பிரதேசத்துப் பூர்வகுடிகளான இனூயிட் மக்கள் சீல் என்ற கடல் விலங்கை வேட்டையாடுவது சாப்பிட. தோல் உடையாகிறது, மிஞ்சியது விற்பனைக்குப் போகிறது. மைனஸ் 30, 40 டிகிரியில் பயிர் செய்ய முடியாத இடத்தில், கடைச் சாமான் எல்லாம் தூரத்திலிருந்து வரும் இடத்தில், அந்தப் பணம்தான் படகுக்கு எண்ணெயும் துப்பாக்கிக்குத் தோட்டாவும். வெள்ளைக் குட்டி சீல்களை அடித்துக் கொல்லும் படங்களைப் பார்த்துக் கொதித்த ஐரோப்பா 1983-ல் அந்தக் குட்டிகளின் தோலுக்குத் தடை போட்டது. இனூயிட்டுகள் அந்தக் குட்டிகளை வேட்டையாடுபவர்களே அல்ல, தடையும் அவர்களுக்கு இல்லை. ஆனாலும் சீல் என்ற பெயரே கெட்டுப்போய்ச் சந்தை மொத்தமாகச் சரிந்ததில் அடி விழுந்தது அவர்களுக்குத்தான். 2009-ல் வந்த பெரிய தடையிலும் அவர்களுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கின் கீழ் சான்றிதழோடு வரும் சீல் தோல் கையுறையை ஒருவர் வாங்கினால் நான் குறை சொல்ல மாட்டேன். பண்ணைத் தோலை விற்கிறவர் தன் வியாபாரத்தைக் காப்பாற்ற இனூயிட் பாட்டியின் படத்தை விளம்பரத்தில் போட்டால் மட்டும் எரிச்சல் வரும்.

நியூசிலாந்தின் போசம் என்ற மரமேறும் விலங்கு இன்னொரு மாதிரி. 1837 வாக்கில் ரோம வியாபாரத்துக்கென்றே ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இன்று அது காட்டு மரங்களை மொட்டையடித்து, பறவை முட்டையைத் தின்று, மாடுகளுக்குக் காசநோயைப் பரப்புகிறது என்று அரசு கொல்கிறது. அந்த ரோமத்தை மெரினோ கம்பளியோடு கலந்து நூலாக்குகிறார்கள். அமெரிக்காவின் லூயிசியானாவில் சதுப்பு நிலத்தைக் கொறித்துத் தின்னும் நியூட்ரியா என்ற பெரிய எலி போன்ற விலங்கும் 1930-களில் ரோமத்துக்காகக் கொண்டுவந்ததுதான். எப்படியும் கொல்லப்போகிற விலங்கு, ரோமத்தை வீணாக்குவானேன் என்பதில் நியாயம் இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்வி, கொல்லும் முறை எது, இந்த ரோமத்துக்குக் கிராக்கி கூடினால் அந்த விலங்கை ஒழிக்காமல் வைத்திருப்பதே லாபம் என்று யாருக்காவது தோன்றிவிடுமா என்பதுதான். இரண்டு இடத்திலும் வினை ஆரம்பித்ததே ரோம ஆசையில்தானே.

"தோல் செருப்பு போடுகிறாயே"

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்காதீர்கள், நேர்மையான கேள்வி. மாட்டுத் தோல் இறைச்சித் தொழிலின் உடன்விளைவு. ஒரு மாட்டின் விலையில் தோலின் பங்கு சிறியது, தோலை வாங்காவிட்டாலும் மாடு வெட்டப்படும். மிங்க் அப்படியல்ல, ரோமத்துக்காகவே பிறந்து ரோமத்துக்காகவே சாகிறது. நீங்கள் வாங்காவிட்டால் அந்த விலங்கு பிறக்கவே போவதில்லை. இது பெரிய வித்தியாசம், ஆனால் எல்லாவற்றையும் மூடிவிடும் வித்தியாசம் அல்ல. உயிரோடு பிடுங்கிய வாத்து இறகு, வால்பக்கத் தோலை வெட்டியெடுத்த மெரினோ ஆட்டின் கம்பளி, முதலைத் தோல் பை, இவற்றையும் இதே மூன்று கேள்வியால் கேட்கத்தான் வேண்டும். ஃபரை விட்டவர் மற்றதையும் மெல்ல யோசிக்கலாம். மற்றதையெல்லாம் விடாதவர் ஃபரை விடக்கூடாது என்று மட்டும் எந்தத் தர்க்கத்திலும் வராது.

செயற்கை ஃபர் சுத்தமா?

இல்லை. அக்ரிலிக், மோட்அக்ரிலிக், பாலியஸ்டர் எல்லாம் பெட்ரோலியம். துவைக்கத் துவைக்க நுண்ணிழை உதிர்ந்து சாக்கடைக்குப் போகும், குப்பையில் கிடந்தால் மக்காது. ரோமத் தொழில்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டு "நிஜ ஃபர்தான் இயற்கைக்கு நல்லது" என்பார்கள். அப்படி ஒரு விளம்பரத்தை பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் 2012-ல் தடை செய்தது. நெதர்லாந்தின் சி.இ. டெல்ஃப்ட் நிறுவனம் 2011-ல் போட்ட கணக்கில், ஒரு கிலோ மிங்க் ரோமத்துக்கு 11 விலங்குக்கு மேல், அவை தின்னும் தீனி 563 கிலோ. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது விலங்கு நல அமைப்புகள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். ஆனால் மிங்க் கறி தின்னும் விலங்கு, மீனும் கோழிக் கழிவும் அரைத்துப் போட்டு வளர்ப்பதற்கு எவ்வளவு ஆகும் என்று நாமே யூகிக்கலாம். இது போக, தோல் அழுகாமல் இருக்கப் பதனிடுகிறார்கள், அதில் குரோமியமும் ஃபார்மால்டிஹைடும் புழங்கும். அழுகாமல் இருக்கப் பக்குவப்படுத்திய பொருளை "மக்கிப் போகும்" என்று விற்பது தனித் திறமை.

உண்மையான கேள்வி, உங்களுக்கு ஃபர் எதற்கு என்பது. ஜாக்கெட் தொப்பி ஓரத்து ரோமம் ஆர்க்டிக் காற்றில் நிஜமாகவே வேலை செய்கிறது, முகத்துக்கு முன்னால் காற்றை உடைக்கிறது. வடக்கே உள்ளவர்கள் அதற்கு வால்வரின் என்ற காட்டு விலங்கின் ரோமத்தை விரும்புவது மூச்சின் ஈரம் அதில் உறைந்தாலும் தட்டினால் உதிர்ந்துவிடும் என்பதால். நீங்கள் போகப்போவது அப்படிப்பட்ட இடம் இல்லை, பேருந்து நிறுத்தம் வரைதான் என்றால் அந்த ஓரம் அலங்காரம் மட்டுமே. கழற்றிவிட்டால் ஒரு குறையும் வராது. பல ஜாக்கெட்டுகளில் ஜிப்பைத் திறந்தால் கழன்றுவிடும். கதகதப்புக்கு உள்ளே கம்பளி, மேலே காற்றுப் புகாத அடுக்கு போதும். ஃபர் தோற்றம்தான் வேண்டும் என்றால் நல்ல செயற்கை ஒன்றை வாங்கிப் பல வருடம் போடுங்கள், ஒரு பருவத்தில் தூக்கி எறியும் மலிவுச் சரக்கு வேண்டாம்.

சட்டத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். இங்கிலாந்தும் வேல்ஸும் 2000-லேயே பண்ணையைத் தடை செய்யச் சட்டம் போட்டன, அப்புறம் ஆஸ்திரியா, நெதர்லாந்து, நார்வே என்று வரிசை நீள்கிறது. இஸ்ரேல் 2021-ல் நாகரிக உடைக்கான ஃபர் விற்பனையையே தடை செய்தது. கலிபோர்னியாவில் 2023 முதல் புது ஃபர் விற்க முடியாது. இந்தியா 2017-ல் மிங்க், நரி, சின்சில்லா தோல் இறக்குமதியை நிறுத்தியது. இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கத்தில் மாட்டுமா என்று முன்பே பார்ப்பது புத்திசாலித்தனம். குச்சி, பிராடா, ஷனெல் எல்லாம் ஃபரை விட்டாகிவிட்டது, "உயர்ந்த நாகரிகம்" என்ற சாக்கும் இப்போது இல்லை.

ஏற்கெனவே வீட்டில் இருக்கும் கோட்டு

பாட்டியோ அத்தையோ விட்டுப்போன கோட்டைப் போடுவதால் புதிதாக எந்த விலங்கும் சாகப்போவதில்லை. குப்பையில் போட்டால் செத்தது திரும்பி வராது. என் வரையில் போடலாம். எதிர்வாதமும் இருக்கிறது: பார்க்கிறவருக்கு அது பழசு என்று தெரியாது, ஃபர் அழகு என்ற எண்ணம் மட்டும் பரவும். அதை நினைத்து உறுத்தினால் வெளியே தெரியாமல் உள் லைனிங்காகத் தைத்துக்கொள்ளலாம். பழைய கோட்டைக் காசு கொடுத்து வாங்குவது இன்னும் கொஞ்சம் சிக்கல். விற்றவர் அந்தப் பணத்தில் புது ஃபர் வாங்கலாம், "பழசு" என்று சொல்லிப் புதுசையும் தள்ளிவிடலாம். நான் வாங்க மாட்டேன், வாங்குகிறவரோடு சண்டைக்கும் போக மாட்டேன்.

முதலில் என்ன விலங்கு என்று பாருங்கள். சிறுத்தை, ஜாகுவார், ஆசிலாட் மாதிரிப் புள்ளிப் பூனைகளின் தோல் என்றால் விஷயமே வேறு. அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்த 1975-ல் நடைமுறைக்கு வந்த சைட்டீஸ் ஒப்பந்தத்தின் கீழ் அதை எல்லை தாண்டி விற்பதற்கும் எடுத்துப் போவதற்கும் அனுமதிச் சீட்டு வேண்டும், "தாத்தா காலத்துது" என்று சொன்னால் விமான நிலையத்தில் விட மாட்டார்கள். வைத்திருப்பதற்கே பதிவு கேட்கும் நாடுகளும் உண்டு, உங்கள் ஊர் வனத்துறையிடம் கேட்டுவிட்டுப் பிறகு பெட்டியைத் திறங்கள்.

அப்புறம் நிலைமை. லைனிங்கை ஒரு ஓரத்தில் பிரித்துத் தோலை மெல்ல மடக்குங்கள். மெத்தென்று மடங்கினால் நல்லது. தாள் மாதிரிச் சரசரவென்று கேட்டாலோ கிழிந்தாலோ தோல் காய்ந்துபோய்விட்டது, தைத்தும் பிரயோஜனமில்லை. நன்றாக இருந்தால் அகலமான ஹேங்கரில் தொங்கவிட்டு, துணி உறை போட்டு, குளிர்ச்சியான இருட்டில் வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், தோல் மூச்சுவிட முடியாமல் புழுங்கிப்போகும். நனைந்தால் உதறிவிட்டுத் தானாகக் காயவிடுங்கள், ஹேர் டிரையர் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

வேண்டாம் என்று முடிவு செய்தால், அனாதையான காட்டுக் குட்டிகளைக் காப்பாற்றி வளர்க்கும் மறுவாழ்வு மையங்களில் சில பழைய ஃபரை வாங்கிக்கொள்கின்றன. தாயில்லாத குட்டி அதில் சுருண்டு படுத்துக்கொள்ளும். அனுப்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள், எல்லோரும் எடுப்பதில்லை. பட்டன், கொக்கி, தோள் திண்டு எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிடுங்கள், குட்டி விழுங்கிவிடும். அந்துருண்டை போட்டு வைத்திருந்த கோட்டு என்றால் அனுப்பவே வேண்டாம், அந்த நஞ்சு ரோமத்தை விட்டு லேசில் போகாது.